நடந்து காட்டச் சொன்னவள்

செண்பகவல்லி இருபத்திரண்டு வருடமாக சினிமாவில் இருக்கிறாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்த நினைவுதான் இருக்காது. ஆஸ்பத்திரிக் காட்சியில் வரிசையில் நிற்பவள், கல்யாண வீட்டில் பின்னால் ஜரிகைப் புடவையில் சிரிப்பவள், கதாநாயகனின் அப்பா செத்துப்போனால் கால்மாட்டில் உட்கார்ந்து அழுபவள். அழுகைக்கு அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கிளிசரின் இல்லாமல் அழுவாள் என்று ஒரு பெயர். அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"அது என்ன பெரிய வித்தையா? வெயில்ல நாலு மணி நேரம் உக்கார வச்சா யாருக்கும் கண்ணுல தண்ணி வரும்" என்பாள்.

தாராவியில் தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், ஏணிப்படி ஏறிப் போகிற ஒற்றை அறை வீடு அவளுடையது. கணவர் ராஜபாண்டி தோல் பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். ஒரே மகள் கீதா செம்பூரில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்க்கிறாள். சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி பம்பாய் வந்தவள் செண்பகவல்லி. முதல் சில வருடம் வீட்டிலேயே அப்பளம் இட்டாள். கீதாவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, பக்கத்துச் சந்தில் குடியிருந்த சிராஜ், "அக்கா, கூட்டத்துல நிக்கணும், அவ்வளவுதான். சாப்பாடு உண்டு, சாயங்காலமே கைக்குக் காசு" என்று கூட்டிப் போனார். படப்பிடிப்புக்கு ஆள் சேர்த்துவிடுவது அவர் தொழில். அன்றிலிருந்து மாஹிமில் ரயில் ஏறி, ஸ்டூடியோக்கள் இருக்கும் கோரேகாவில் இறங்குவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேமரா முன்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் வாயசைக்கலாம், சத்தம் வரக் கூடாது. கல்யாணக் கூட்டத்தில் பக்கத்துப் பெண்ணோடு விழுந்து விழுந்து பேசுவதுபோல உதட்டை மட்டும் அசைத்து, கையை ஆட்டி, ஓசையில்லாமல் சிரிக்க வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி.

பேச்சு வந்தது 'கூங்கட்வாலே' என்கிற இந்திப் படத்தில். 'முக்காடு போட்ட ஆண்கள்' என்று அர்த்தம். சதாராவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் மராத்தியில் எழுதிய நையாண்டி நாவலைத்தான் படமாக எடுத்தார்கள். ஒரு சின்ன ஊரின் நகராட்சி திடீரென்று தீர்மானம் போடுகிறது: இத்தனை காலம் பெண்களுக்கு இருந்த விதிகளையெல்லாம் ஒரு வருடத்துக்கு, பரிசோதனை முறையில், ஆண்கள் கடைப்பிடிக்க வேண்டும். விளக்கு வைக்கும் முன் ஆண்கள் வீடு திரும்ப வேண்டும். மாப்பிள்ளை அழுதுகொண்டே மாமியார் வீட்டுக்குப் போகிறான். கல்யாணமான மறுவாரம் தன் பெயரை மாற்றுவதற்காக பேங்க் பேங்க்காக அலைகிறான். ஊர்ச் சாவடித் திண்ணையில் பெண்கள் கால்மேல் கால் போட்டு டீ குடிக்கிறார்கள்.

வசாய் பக்கம் ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு. மாப்பிள்ளை பார்க்கிற காட்சி. பெண் வீட்டிலிருந்து பெண்கள் ஆறு பேர் வந்து சோபாவில் உட்கார, மாப்பிள்ளைப் பையன் தட்டில் டீ கொண்டு வருகிறான். பெண்ணின் அத்தையாக நடிக்க வேண்டிய நடிகை அன்று வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்மிதா என்ற உதவி இயக்குநர், கூட்டத்தில் இருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து செண்பகவல்லி முன்னால் நின்றாள்.

"மௌஷி, உங்களால் பேச முடியுமா?" மராத்தியில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன பேசணும்?" என்று இந்தியில் கேட்டாள் செண்பகவல்லி.

"பையனைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். சமைப்பாயா, பாடுவாயா என்று கேட்க வேண்டும். எந்த மொழியிலும் கேட்கலாம். உங்கள் வீட்டில் எப்படிக் கேட்பார்களோ அப்படி."

கேமரா ஓடியது. பையனாக நடித்தவன் பெயர் பெற்ற நகைச்சுவை நடிகன். தட்டை வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான். செண்பகவல்லி சமைப்பாயா என்று கேட்கவில்லை. பாடுவாயா என்றும் கேட்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"எங்க, கொஞ்சம் நடந்து காட்டுப்பா. கால்ல ஊனம் கீனம் இருக்கான்னு பாக்கணும்லா."

நடிகனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டு அறையின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்தான்.

"இன்னொருக்க. வேகமா."

இரண்டாம் தடவை வேகமாக நடந்தவன் வயரில் கால் தட்டி நிஜமாகவே தடுமாறினான். செண்பகவல்லி பக்கத்தில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா?" என்றாள். யூனிட்டே சிரித்தது. இயக்குநர் 'கட்' சொல்ல மறந்து சிரித்தார். செண்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

அது அவள் ஜோடித்த கேள்வி இல்லை. ராஜபாண்டி வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, அவருடைய பெரியம்மா கேட்ட கேள்வி. அடுக்களை வாசலிலிருந்து கிணறுவரை நடக்கச் சொன்னாள். நடந்தாள். "இன்னொருக்க வேகமா நட" என்றாள் பெரியம்மா. வேகமாக நடந்தபோது துவைகல்லின் முனையில் கட்டைவிரல் இடித்து நகம் பெயர்ந்தது. நொண்டினால் சம்பந்தம் போய்விடும் என்று அம்மா பார்த்த பார்வையில் தெரிந்தது. ரத்தம் ஒழுக ஒழுக, நேராக நடந்து வந்து நின்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

படம் முடிந்து எட்டு மாதம் கழித்து டிரெய்லர் வந்தது. அதில் அவளுடைய காட்சியைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். இரண்டே நாளில் தாராவி முழுக்க அவள் குரல். இட்லிக்காரர்கள், பட்டறைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோர் போனிலும் "நடந்து காட்டுப்பா". பால் வாங்கப் போனால், "அக்கா, நானும் நடந்து காட்டவா?" என்று கேட்டான் கடைக்காரன். சிராஜ் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். ஒரு வாரம் அப்படிப் போனது.

அடுத்த வாரம் காற்று மாறியது. ஆண்களைக் கேவலப்படுத்துகிறது இந்தப் படம் என்று ஒரு அமைப்பு தாதரில் போஸ்டரைக் கிழித்தது. குடும்பப் பண்பாட்டைக் கெடுக்கிறது என்று இன்னொன்று கோர்ட்டுக்குப் போனது. பெண்கள் பட்ட கஷ்டத்தைக் காசுக்காகக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள் என்று பெண்கள் குழு ஒன்றும் அறிக்கை விட்டது. மூன்று பக்கமும் அடி வாங்கிய படத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். தாராவித் தமிழர்களுக்குத் தனியாக ஒரு மனத்தாங்கல் வந்தது. இந்திப் படத்துக்காரன் நம் ஊர்ப் பேச்சை, நம் வீட்டு வழக்கத்தை, நம் பெண் ஒருத்தியை வைத்தே கிண்டல் பண்ணிவிட்டான்.

அந்தப் பகுதித் தமிழர் சங்கத்தின் செயலாளர் பிரம்மநாயகம் ஒரு மாலை ஏணி ஏறி வந்தார். ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். கீதாவுக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தவர், ராஜபாண்டிக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தவர். அவர் கோபமாகப் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"இத அப்படியே வாசிம்மா. நான் போன்ல புடிச்சு குரூப்ல போட்டுருதேன். ஊர்ல இருந்துகூட போன் பண்ணுதாங்க. இதோட முடிஞ்சு போவும்."

செண்பகவல்லி பத்தாவது வரை படித்தவள். கீதாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பதால், அவளும் கேட்கட்டும் என்று சத்தமாகவே வாசித்தாள். 'படத்தில் நான் பேசிய வசனம் படக்குழுவினர் எழுதிக் கொடுத்தது. அதன் பொருள் தெரியாமல் பேசிவிட்டேன். மன்னிக்கவும்.'

வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, மன்னிப்புன்னு எழுதியிருக்கீங்க, அது சரி. யாருக்காவது மனசு கஷ்டப்பட்டிருந்தா கேக்குதேன். ஆனா பொருள் தெரியாமன்னு இருக்கே. எனக்கு அதோட பொருள் நல்லாத் தெரியும்."

"ஒரு பேச்சுக்குத்தாம்மா."

"எழுதிக் குடுத்தாங்கன்னும் இருக்கு. ஒருத்தரும் எழுதிக் குடுக்கல. நானாத்தான் கேட்டேன்."

"அதத்தான் வெளிய சொல்லாதங்கேன்" என்றார் பிரம்மநாயகம். "ஞாயித்துக்கிழமை சங்கத்துல கூட்டம். அதுக்குள்ள ரெண்டு பேரும் யோசிச்சுக்கோங்க."

அவர் இறங்கிப் போனதும் ராஜபாண்டி, "ரெண்டு வரி. சொல்லித் தொலைச்சிரலாம்லா ஏட்டி" என்றார்.

"அது எங்க இருந்து வந்த பேச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் அடுத்த இடி. கீதாவுக்கு செம்பூரில் சுரேந்திரன் என்ற பையனைப் பேசி முடித்திருந்தார்கள். மெட்ரோ கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். நிச்சயத்துக்கு ஹால்கூடப் பார்த்தாகிவிட்டது. அவன் அம்மா போன் செய்து, "வீடியோவ போட்டுட்டு அப்புறம் தேதி பேசுவோம்" என்று வைத்துவிட்டாள்.

கீதா லேபிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "அம்மா, ஒரு நிமிஷ வீடியோ. போல் தோ ந, கதம் கரோ. சொல்லி முடிச்சிரு. உனக்கு என்ன ப்ராப்ளம்?"

செண்பகவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மகள் எதிரில் உட்கார்ந்து, கிணறுவரை நடந்ததைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை. நகம் பெயர்ந்ததையும் சொன்னாள், அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கொல்லையில் உட்கார்ந்து விரலுக்கு மண்ணெண்ணெய் வைத்ததையும் சொன்னாள்.

கீதா தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள். பிறகு, "என்கிட்ட நடக்கச் சொல்லல" என்றாள். "ஆனா சுரேந்திரனோட அம்மா ஃபுல் சைஸ் போட்டோ கேட்டாங்க. ஹீல்ஸ் இல்லாம ஒண்ணு, சைடுல நின்னு ஒண்ணு. நானே அனுப்பிட்டேன். எனக்கு அப்போ ஒண்ணும் தப்பா தெரியல."

அதற்குப் பிறகு அவள் வீடியோவைப் பற்றிப் பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் அறுபது எழுபது ஆண்கள் இருந்தார்கள். பின்வரிசையில் சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள். செண்பகவல்லியை முன்னால் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் நின்றுகொண்டாள். ராஜபாண்டி வாசல் பக்கம் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே வர மனமில்லை, போகவும் மனமில்லை.

பிரம்மநாயகம் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "மன்னிப்புக் கேக்கப் போறாளா இல்லியா, அதச் சொல்லுங்க" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

செண்பகவல்லி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். 

"படம் பிடிக்கலன்னா பாக்காதீங்க" என்றாள். "பாத்துட்டுத் திட்டுனாலும் திட்டுங்க. நான் இன்னும் முழுசாப் பாக்கல. அது நல்லாயிருக்கா இல்லியான்னு எனக்கே தெரியாது. ஆனா அந்தக் கேள்விய சினிமாக்காரன் கண்டுபிடிச்சான்னு என் வாயால சொல்லச் சொல்லாதீங்க. அது என்கிட்ட கேட்ட கேள்வி. நான் நடந்திருக்கேன். ரெண்டு தடவ நடந்திருக்கேன்."

"யாரு கேட்டா? சும்மா அடிச்சு விடாத. பேரச் சொல்லு பாப்போம்!" என்றார் அதே ஆள்.

 கேட்டவள் கணவரின் பெரியம்மா. இறந்து ஏழு வருடமாகிறது. கணவர் நின்றுகொண்டிருக்கும் இடத்தில், அவர் வீட்டு மனுஷியின் பேரைச் சபையில் இழுக்க வேண்டும். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். "பாத்தீங்களா?" என்றார் குரல் கொடுத்தவர்.

"எங்க பெரியம்மாதான் கேட்டா."

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜபாண்டி செருப்புகளைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர்.

"அவ சொல்லுதது நெசம். அடுக்களையில இருந்து கிணறு வரைக்கும். நானும் அங்கனதான் இருந்தேன்."

பிரம்மநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். "நீ என்னப்பா செஞ்சே?"



"நான் தலையக் குனிஞ்சு காப்பி குடிச்சேன், அண்ணாச்சி."

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி. அப்புறம் ஆண்களிலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. தானும் அப்படிக் காப்பி குடித்தவர்கள் அந்த அறையில் நிறையப் பேர் இருந்தார்கள். பேரைச் சொல்லு என்று கேட்டவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனார். பிரம்மநாயகம் தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். "இது வேண்டாம். படத்த எதுத்து சங்கம் சார்பா ஒரு மனு குடுப்போம். அதுல யாரு பேரும் வேண்டாம்" என்று முடித்தார். மனுவைக் கொடுக்கவும் செய்தார்கள். அவர் கடைசிவரை அந்தப் படத்தை மன்னிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது செண்பகவல்லி கேட்டாள், "இத்தன வருஷம் ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீ மறந்திருப்பன்னு நெனச்சேன்."

"நகம் முழுசா முளைக்க ஒரு வருஷம் ஆச்சு."

ராஜபாண்டிக்கு நகம் பெயர்ந்தது தெரியாது. நடுச்சாலையில் நின்று அவள் காலைக் குனிந்து பார்த்தார். "ரோட்ல என்ன பாக்கிய, நடங்க" என்று அவள் முன்னால் போய்விட்டாள்.

படம் வெளியானது. மாட்டுங்காவில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி. வாசலில் போலீஸ் பையைச் சோதித்தது. கீதா லீவு போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிப் போனாள். அரங்கம் பாதிதான் நிறைந்திருந்தது. செண்பகவல்லியின் காட்சி நாற்பது நொடி. முன்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். பக்கத்தில் ஒரு நடுத்தர வயது மராத்திப் பெண்மணி சிரித்துச் சிரித்து, சிரிப்பு முடிந்ததும் கைக்குட்டையை எடுத்தாள். திரையில் தன் குரலைக் கேட்டபோது செண்பகவல்லிக்கு அது வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. பெரியம்மாவின் குரலேகூட அதில் கொஞ்சம் இருந்தது. படம் அவளுக்குப் பாதிக்குத்தான் பிடித்தது. கடைசி அரை மணி நேரம் இழுவை என்றாள். பெண்கள் குழு சொன்னதை யாரோ நினைவுபடுத்தியபோது, "அவிய சொல்லுததும் நெசந்தான். முன்னால உக்காந்திருந்த பயலுவ காலு தடுக்குனதுக்குத்தான் சிரிச்சானுவ, கேள்விக்குச் சிரிக்கல" என்றாள்.

சுரேந்திரன் ஒரு நாள் கீதாவை செம்பூர் ஸ்டேஷன் வாசலில் பார்த்துப் பேசினான். கெட்டவன் இல்லை. அம்மாவைச் சமாதானம் பண்ணிவிட்டதாகவும், ஒரே ஒரு விஷயம்தான் என்றும் சொன்னான்: கல்யாணத்தன்று கீதாவின் அம்மா மேடை ஏறாமல் கீழே உட்கார்ந்திருந்தால் போதும், போட்டோ வீடியோவில் வராமல். கீதா, "சாரி, வேற பொண்ணு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பாலக்காட்டுக்காரர் கடையில் அரைக்கிலோ நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வறுவலைத் தட்டில் கொட்டிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள். செண்பகவல்லி இரண்டு நாள் அழுதாள். தன் வாயால் மகள் வாழ்க்கை போய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கீதா, "நான் வேண்டாம்னு சொன்னேன், நீ சொல்லல. என்னோடத உன்னோடதா ஆக்காத" என்று கத்திய பிறகுதான் நிறுத்தினாள். கீதாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. லேபில் இப்போது அவள்தான் சீனியர்.

நான்கு மாதம் செண்பகவல்லியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தெரிந்த முகம் கூட்டத்துக்கு ஆகாது. எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள் என்றார் சிராஜ். பிறகு அந்தேரியில் ஒரு விளம்பரப் படத்துக்கு வசனம் பேசும் வேடம் என்று அவரே அனுப்பினார். மசாலாப் பொடி விளம்பரம். வீட்டுக்காரியாக அவள் கரண்டியை ஆட்டிக்கொண்டு, 'ஐயோ ஐயையோ ஜீ' என்று ஆரம்பித்து, இந்தியைக் கொச்சை கொச்சையாக உடைத்துப் பேச வேண்டும். மதராஸிகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று எழுதியவனுக்கு நினைப்பு.

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"எங்க ஊரில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்" என்று இந்தியில் சொன்னாள். "நான் பேசுகிற மாதிரிப் பேசிக் காட்டட்டுமா? அதிலும் சிரிப்பு வரும்."

இளைஞனான அந்த இயக்குநர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். பேசியும் காட்டினாள், அறையில் இருந்தவர்கள் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் கம்பெனிக்காரர்களுக்கு எழுதியதுதான் வேண்டுமாம். அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வேறு ஆள் வாசலிலேயே காத்திருந்தாள்.

அவள் அந்தேரியில் மாஹிமுக்கு ஸ்லோ லோக்கல் பிடித்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாந்த்ரா தாண்டும்போது சிராஜிடமிருந்து போன்: "என்னக்கா, கையில வந்தத விட்டுட்டீங்களாமே?"

"விட்டுட்டேன். வேற இருந்தா சொல்லு, செவ்வாக்கிழம ஃப்ரீயாத்தான் இருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.